ஆய்தா

அந்தப் படம் மொத்தமே பதினொரு நிமிடம்தான். ஆனால் சரியக்காவுக்கு அது மனப்பாடம். படத்தில் வருகிற மனிதரின் சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு வெள்ளை. நாலாவது நிமிடத்தில் அவருக்குப் பின்னால் யாரோ கதவைத் திறந்து, கேமராவைப் பார்த்ததும் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போவார்கள். இதெல்லாம் வேறு யார் கண்ணிலும் பட்டதில்லை. அவளுக்குப் பட்டது. எதையும் இப்படி உற்றுப் பார்ப்பதுதான் தன்னுடைய பலம் என்று அவள் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இருமல் மருந்தைப் பாட்டிலில் அடைத்து அனுப்புகிற தொழிற்சாலை அது. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அதில் பாதியை வாங்கியது. அதோடு சேர்ந்து புது இயந்திரங்கள் வந்தன, நீல அங்கிகள் வந்தன, தலைமுடி வெளியே தெரியாமல் மூடுகிற வலைத்தொப்பி வந்தது, இந்தப் படமும் வந்தது. பாட்டில்களைச் சரிபார்க்கும் முறையை அந்த நாட்டுக்காரர் ஒருவர் செய்துகாட்டுகிற படம். முழுக்க அவர்கள் பாஷை. கூடவே ஒரு தாள், அதில் நம் பாஷையில் நான்கே நான்கு வரிகள்: பார். விரலால் சுட்டு. வாய்விட்டுச் சொல். அடுத்ததற்குப் போ.

கண் மட்டும் பார்த்தால் பத்தாவது பாட்டிலுக்குள் மனம் வேறெங்காவது போய்விடும், விரலும் வாயும் சேர்ந்தால் போகாது என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. பொய்யில்லை. தட்டுக்கு இருபது பாட்டில். ஒவ்வொன்றையும் விளக்குப் பெட்டிக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, தூசியோ முடியோ மிதக்கிறதா என்று பார்த்து, "பாட்டில் சரி! மூடி சரி! லேபிள் சரி! தேதி சரி!" என்று சுட்டிச் சுட்டிச் சொல்ல வேண்டும். முதல் மாதம் பெண்கள் வெட்கத்தில் நெளிந்தார்கள். மூன்றாவது மாதம் மருந்துக் கடைகளிலிருந்து திரும்பி வருகிற பெட்டிகள் பாதிக்குப் பாதி குறைந்தன. ஆறாவது மாதம், வரிசையின் மேற்பார்வையாளரான அவளுக்குச் சரியக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக்காரர்கூட அவளுடைய சொந்தப் பெயரை மறந்துவிட்டதாகக் கேலி செய்வார்.

தாளில் இல்லாத ஒன்றையும் அந்தப் படத்தில் அவள் பார்த்தாள். ஒரு தட்டு முடிந்ததும் அந்த மனிதர் அதைத் தள்ளிவிட்டு, இடது கையை இடுப்பில் வைத்து, லேசாகப் பின்பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்தபடி மெதுவாக ஒரு வார்த்தை சொல்வார். "ஆய்தா." ஒரு தட்டுக்கு ஒரு முறை. மூன்று தட்டு, மூன்று ஆய்தா. தாள் எழுதியவர்கள் கவனக்குறைவாக இதை விட்டுவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தன் பேனாவால் ஐந்தாவது வரியை எழுதிச் சேர்த்தாள்: தட்டு முடிந்ததும் இடது கை இடுப்பில், ஆய்தா என்று சொல்லவும்.

மேனேஜருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"பாத்தீங்களா, நம்ம 'ஆயிடுச்சு'தான் அங்க 'ஆய்தா'! எங்கயோ இருக்காங்க, எப்படி ஒத்துப்போகுது பாருங்க" என்றார்.

அதற்கப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்? நூற்று நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் இடுப்பில் கை வைத்து "ஆய்தா!" என்றால் கூரைத் தகடு அதிரும். வார்த்தை வெளியிலும் பரவியது. சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் காலியானால் ஆய்தா. யாருக்காவது பெண் பார்த்து முடிவானால் ஆய்தா. சரியக்காவின் மகள் வீட்டுப்பாடத்தை மூடி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று, "அம்மா, ஆய்தா!" என்பாள்.

"உங்க கம்பெனியில மருந்து அடைக்கறாங்களா, டான்ஸ் சொல்லித் தராங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். ஆனால் வெளியே கிளம்பும்போது அவரும் அடுப்பைப் பார்த்து விரலை நீட்டி, "கேஸ் சரி" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

அவளுக்கு அந்த வார்த்தையைவிட அந்தக் கைதான் முக்கியமாக இருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சிறுவயதில் அவள் இடுப்பில் கை வைத்து நின்றால் அம்மா முழங்கையில் ஒன்று போடுவாள். "என்னடி, சண்டைக்கு நிக்கற மாதிரி நிக்கற? கையை எடு." பள்ளியில் டீச்சர் அதையே சொன்னாள். கல்யாணமான புதிதில் மாமியார் வாயால் சொல்லவில்லை, பார்த்தாள், அதுவே போதுமானதாக இருந்தது. முப்பத்தேழு வயதுவரை அந்தக் கைக்கு எங்கே இருப்பது என்று தெரிந்ததில்லை. முந்தானையைப் பிடித்துக்கொள்ளும், பை வாரைத் திருகும், இன்னொரு கையைத் தேடிப் போகும். இப்போது கம்பெனியே சொல்கிறது, வை என்று. வைத்தாள். வைத்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. உலகத்தில் எங்கோ ஒரு நாட்டில் மனிதர்கள் வேலை முடித்துவிட்டு இப்படித்தான் நிற்கிறார்கள், நானும் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. அந்த நாட்டின் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட அப்போது அவளுக்கு வராது.

அதனால்தான் தைலம் எல்லாரையும் சிரிக்க வைத்தபோது அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

தைலம் தற்காலிக ஊழியர். மூன்றாவது மேஜையில் நிற்பவள், வரிசையிலேயே மூத்தவள். எந்நேரமும் வலி தைலத்தின் வாசனை அவளுக்கு முன்னால் வந்துவிடும், அதனால் அந்தப் பெயர். படத்தைப் பெண்களுக்கு முதல்முதலாகத் திரையில் போட்ட அன்று, எல்லாரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஐயோ பாவம். அந்த ஆளுக்கு இடுப்பு வலி."

கூடமே சிரித்தது. சரியக்கா விளக்கைப் போட்டாள்.

"யாரு பேசினது?"

"நான்தான்க்கா. நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவுல. பாருங்க, வலது காலை ஊனாம நிக்கறாரு."

"தைலக்கா, அது அவங்க முறை. தெரியாததை எல்லாம் கிண்டல் பண்ணக் கூடாது."

"கிண்டல் பண்ணலக்கா. பரிதாபப்பட்டேன்."

வயதில் மூத்த தைலம் பதவிக்காக அவளை அக்கா என்பாள். சரியக்காவோ வயதுக்காகத் தைலத்தை அக்கா என்பாள். "நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அக்கான்னா, தங்கச்சி வேலையை யாரு செய்யறது?" என்று தைலம் கேட்டு மற்றவர்களைச் சிரிக்க வைப்பாள். அந்த வாய்தான் அவளுக்கு எதிரி.

வரிசையில் தைலம் விரலை நீட்டினாள், நான்கு சரியும் சொன்னாள், பாட்டில் பார்ப்பதில் அவளுக்கு நிகர் இல்லை. ஆனால் கை மட்டும் இடுப்புக்குப் போகவில்லை. ஆய்தாவும் சொல்லவில்லை. ஒருமுறை சொல்லிப் பார்த்தாள் சரியக்கா, இரண்டாவது முறை எச்சரித்தாள், மூன்றாவது முறை தைலத்தின் நடத்தை அட்டையில் சிவப்புப் புள்ளி வைத்தாள். 'முறையை மதிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். சிவப்புப் புள்ளி இருந்தால் அந்த வருடம் நிரந்தரப் பட்டியலில் பெயர் வராது. வரவில்லை. அடுத்த வருடமும் கை போகவில்லை, இன்னொரு புள்ளி. நாற்பத்தைந்து முடிந்தவர்களை நிரந்தரமாக்குவதில்லை என்று ஒரு விதி இருந்தது. தைலத்துக்கு இந்த மாதக் கடைசியில் நாற்பத்தைந்து முடிகிறது. பட்டியல் வெள்ளிக்கிழமை போகிறது.

இது சரியக்காவுக்குத் தெரியும். தெரிந்தும், விதி விதிதானே என்று மனதுக்குள் ஒரு அதிகாரி மாதிரி பதில் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு பெரிய அதிகாரி, இரண்டு பொறியாளர்கள், மொழிபெயர்க்க ஓர் இளைஞர். இரண்டு நாட்களாகத் தரையைக் கழுவி, சுவரைக் கழுவி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதற்குப் பின்னாலும் துடைத்திருந்தார்கள். மேனேஜர் புது டை கட்டி, கழுத்தைத் திருப்ப முடியாமல் நின்றார்.

மொழிபெயர்ப்பாளர் நம் பாஷையைத் தானாகக் கற்றுக்கொண்டவராம். வானொலிச் செய்தியைப் பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்றாராம். அவர் பெண்களுக்கு முன்னால் வந்து நின்று, கையைக் கூப்பி, கணீரென்று தொடங்கினார்.

"நேயர்களே, வணக்கம். செய்திகள் வாசிப்பது..." என்று சொல்லித் தன் பெயரைச் சொன்னார்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. தன்னை அறிமுகம் செய்துகொள்வது அப்படித்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நூற்று நாற்பது பேரும் கன்னத்தை உள்ளிருந்து கடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் மேஜையில் நின்றவள் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துவிட்டாள். அந்த நிமிடமே அவருக்குச் செய்தித் தம்பி என்று பெயர் விழுந்துவிட்டது.

பெரிய அதிகாரி சொன்னதை அவர் மொழிபெயர்த்தார்: "தொழிற்சாலையின் தூய்மை குறித்து அவர் பெரும் மகிழ்ச்சி வெளியிட்டுள்ளார். பாட்டில்கள் திரும்பி வருவது வெகுவாகக் குறைந்துள்ளது. தலைப்புச் செய்திகள் மீண்டும் ஒருமுறை: தூய்மை. மகிழ்ச்சி. பாட்டில்."

"இந்தத் தம்பியை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம் போல இருக்கு" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

பிறகு வரிசை ஓடியது. சரியக்கா நடுவில் நின்று கையை உயர்த்தினாள். பாட்டில் சரி, மூடி சரி, லேபிள் சரி, தேதி சரி. இருபதாவது பாட்டில் தாண்டி, தட்டுகள் ஒரே நேரத்தில் தள்ளப்பட்டன. நூற்று நாற்பது இடது கைகளில் நூற்று முப்பத்தொன்பது இடுப்புக்குப் போயின.

"ஆய்தா!"

வந்தவர்களில் ஒரு பொறியாளர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. செய்தித் தம்பியின் காது சிவந்துபோயிற்று. பெரிய அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண்ணை விரித்துப் பார்த்தார். இன்னொரு தட்டு முடிகிறவரை காத்திருந்து மறுபடி பார்த்தார். மேனேஜரிடம் ஏதோ கேட்டார்.

"இடுப்பில் கை வைத்து நிமிர்வது உங்கள் நாட்டு வழக்கமா என்று கேட்கிறார்" என்றார் செய்தித் தம்பி.

மேனேஜர் ஒன்றும் புரியாமல் விழித்தார். உங்கள் முறைதானே என்று சொல்ல வாயெடுத்து, அவர்களுக்கே தெரியாது என்றால் எங்கோ இடிக்கிறதே என்று நினைத்து, அந்த ஒரு நொடியில் வியர்த்து, "ஆமா ஆமா, எங்க வழக்கம்தான்" என்றார். "ரொம்பப் பழைய வழக்கம்."

பெரிய அதிகாரி தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். தானே ஒருமுறை இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

சரியக்கா மட்டும் செய்தித் தம்பியின் சிவந்த காதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதியம் கை கழுவுகிற இடத்தில் செய்தித் தம்பி தனியாக நின்றிருந்தார். அவள் பக்கத்துக் குழாயைத் திறந்தாள். சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. ஆய்தான்னா என்ன?"

அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். தேவைக்கு மேல் கழுவினார்.

"அந்தப் படத்தில் வருபவர் என்னுடைய பழைய துறைத் தலைவர்" என்றார் கடைசியில். "படம் எடுத்தபோது அவருக்குக் கடுமையான இடுப்பு வலி. அதே மாதத்தில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. தற்போது அவர் நலமாக இருப்பதாக மருத்துவ வட்டாரங்கள் தெரிவிக்கின்றன."

"அப்போ ஆய்தா?"

"உங்கள் மொழியில்..." அவர் தேடினார். "'ஐயோ, அம்மா' என்பது போல."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு முதலில் கேட்டது, தன் மகளின் குரல். இடுப்பில் கை வைத்து, அம்மா, ஐயோ அம்மா.

"நீங்க ஏன் அங்கயே சொல்லல?"

"சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் சொன்ன ஆய்தாவில் வலி இல்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லை நான் அப்படிக் கேட்டதே இல்லை. எங்கள் பெரிய அதிகாரிக்கும் அப்படித்தான் தோன்றியது. ஊருக்குத் திரும்பியதும் எங்கள் தொழிற்சாலைகளில் இதைக் கற்றுக்கொடுக்கப் போகிறார். உங்கள் வழக்கம் என்று."

அவள் ஈரக் கையோடு அவரையே பார்த்தாள். எத்தனை இரவு பகல் காதில் அந்தச் செய்திக் குரலை வாங்கிக்கொண்டு, வாயை அதே மாதிரி வளைத்து வளைத்துப் பழகியிருப்பார். தம்பி, உங்க பேரைச் சொல்றதுக்கு முன்னாடி 'செய்திகள் வாசிப்பது'ன்னு சொல்ல வேண்டாம் என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அவரும் நம்மைப் பார்த்து இப்படித்தானே வாயை மூடிக்கொண்டார் என்று தோன்றியது. மென்று முழுங்கிவிட்டாள்.

ஆனால் மேஜைக்குத் திரும்பும்போது அவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். அவர் செய்கிற தவறும் நான் செய்த தவறும் ஒன்றா? அவர் எத்தனை முறை செய்திகள் வாசித்தாலும் யார் அட்டையிலும் சிவப்புப் புள்ளி விழாது.

மூன்றாவது மேஜையில் தைலம் ஒரு பாட்டிலை விளக்குக்கு முன் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காலை ஊன்றாமல் நின்றாள். இரண்டு வருடங்களாக அவள் அப்படித்தான் நிற்கிறாள். ஒரு மனிதரின் சட்டைப் பொத்தானில் எது வேறு வெள்ளை என்று கண்டுபிடித்த கண், பத்தடி தூரத்தில் இருந்த இந்தக் காலைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை வந்தவர்கள் கிளம்பினார்கள். வியாழக்கிழமை காலையில் அவள் மேனேஜர் அறைக்குப் போனாள்.

"தைலக்கா அட்டையில இருக்கற ரெண்டு புள்ளியையும் எடுக்கணும் சார்."

"இப்ப எதுக்கு? வெள்ளிக்கிழமை லிஸ்ட் போகணும், நீங்க வேற."

"அதுக்குத்தான்."

"புள்ளியை எடுக்கணும்னா காரணம் எழுதணும்மா. சரி, ஒண்ணு பண்ணுங்க. அந்தம்மாவை என் கண்ணு முன்னாடி ஒரு தடவை கையை இடுப்புல வச்சு ஆய்தான்னு சொல்லச் சொல்லுங்க. 'நடத்தை திருந்திவிட்டது'ன்னு எழுதிடலாம். முடிஞ்சுது கதை."

சுலபமான வழி. யாருக்கும் மூக்கு உடையாது. அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். அந்த நிமிடத்தில் அது அவளுக்கும் போதும் என்றுதான் இருந்தது. இதை அவள் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்துக் கூசியிருக்கிறாள்.

இடைவேளையில் தைலம் காலி அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்து முதுகைச் சுவரில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"தைலக்கா, ஒரே ஒரு தடவை. மேனேஜர் முன்னாடி. கையை வச்சு அந்த வார்த்தையைச் சொல்லிடுங்க. லிஸ்ட்ல பேர் வந்துடும்."

தைலம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, திடீர்னு என் மேல இவ்வளவு பாசம்?"

"நாளைக்கு லிஸ்ட் போகுது. உங்களுக்கு அடுத்த வருஷம் கிடையாது."

"தெரியும். என் வயசு எனக்குத் தெரியாதா?" தைலம் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். "உக்காருங்கக்கா. நான் ஏழு இடத்துல வேலை பாத்தவ. துணிக்கடையில பத்து மணி நேரம் நின்னேன். ஒரு நாள் தெரியாத்தனமா கை இடுப்புக்குப் போயிடுச்சு. முதலாளி பாத்துட்டாரு. 'உடம்பு முடியலையா? அப்ப வீட்ல இரு'ன்னு அனுப்பிட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு இடத்துல அதே மாதிரி. அன்னையிலருந்து இந்தக் கையைக் கட்டிப்போட்டு வச்சிருக்கேன். வலி உயிர் போகும், கை போகாது. இருபது வருஷப் பழக்கம். இங்க வந்தா, நல்லா இருக்கற பொண்ணுங்க எல்லாம் வேணும்னே வைக்குது. எனக்கு எப்படி இருக்கும்? வலிக்கறப்ப வைக்க விடல. இப்ப உங்களுக்காக எதுக்கு வைக்கணும்?"

சரியக்கா பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியம் ரொம்பச் சின்னது, அது வெளியே வர மறுத்தது.

"நீங்க அன்னைக்குச் சொன்னது சரி" என்றாள்.

"எது?"

"அந்த ஆளுக்கு இடுப்பு வலிதான். ஆய்தான்னா ஐயோ அம்மான்னு அர்த்தமாம். செய்தித் தம்பி சொன்னாரு."

தைலம் அவளையே பார்த்தாள். அப்புறம் அவளுடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. சத்தமே இல்லாமல் சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள், சிரிப்பு இடுப்பில் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள், அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

"நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவுலன்னு சொன்னேனா இல்லையா!"

"சொன்னீங்க."

"கேட்டீங்களா?"

"கேக்கல."

"சரி போங்க. டீ ஆறுது."

இரண்டு வருடம் அந்த 'சரி போங்க'வில் முடிந்துவிடாது என்று சரியக்காவுக்குத் தெரியும். மன்னித்தாளா என்று கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டிருந்தால் தைலம் அதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாள், அதில் உண்மையான பதில் காணாமல் போயிருக்கும்.

அன்று சாயங்காலம் மேனேஜர் மேஜையில் தைலத்தின் அட்டையை வைத்து, காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள். எழுத நாலு நிமிடம் ஆயிற்று. 'பயிற்சிப் படத்தில் உள்ளவர் இடுப்பு வலியால் செய்ததை முறை என்று தவறாகப் புரிந்துகொண்டு, ஐந்தாவது விதியாகச் சேர்த்தது நான். இந்த ஊழியர் அதை முதல் நாளே சரியாகச் சுட்டிக்காட்டினார். புள்ளிகள் தவறு.'

மேனேஜர் படித்தார். டையைத் தளர்த்தினார். மறுபடி படித்தார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா? அவங்க நாட்டு ஃபேக்டரியெல்லாம் இதை நம்ம வழக்கம்னு ஆரம்பிக்கப் போறாங்க. முந்தாநேத்துதான் அந்தப் பெரியவர்கிட்ட 'ரொம்பப் பழசு'ன்னு வேற சொல்லித் தொலைச்சிருக்கேன்!"

"அதை நான் எழுதல சார்."

"எழுதாதீங்க!" அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதோ பாருங்கம்மா. புதுசா வரப்போற பயிற்சிப் பிரிவுக்குத் தலைவியா உங்களைத்தான் போடணும்னு இருந்தேன். இந்தத் தாள் ஃபைல்ல ஏறிச்சுன்னா என்னால முடியாது. யோசிச்சுக்கோங்க."

அவள் யோசித்தாள். அந்தப் பதவிக்கு அவள் ஆசைப்பட்டது உண்மை. அந்த அறை எங்கே இருக்கும், கதவில் பலகை எப்படி இருக்கும் என்பதுவரை பார்த்து வைத்திருந்தாள். நிற்கும்போது தன் இடது கை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தாள். மேனேஜருக்கு எதிரிலேயே இடுப்பில் இருந்தது. யாரும் வைக்கச் சொல்லவில்லை.

அதை அவள் எடுக்கவில்லை.

"ஏறட்டும் சார்" என்றாள்.

"'நான்'னு தெளிவா எழுதியிருக்கீங்களா? கம்பெனின்னு எங்கயும் வந்துடக் கூடாது."

"நான்னுதான் எழுதியிருக்கேன்."

அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை போன பட்டியலில் தைலத்தின் பெயர் கடைசியாக இருந்தது. பயிற்சிப் பிரிவுக்கு லேபிள் ஒட்டும் பகுதியின் மேற்பார்வையாளரைப் போட்டார்கள். ஐந்தாவது விதியை யாரும் எடுக்கவில்லை. எடுக்கப் போனால் காரணம் கேட்பார்கள் என்று மேனேஜர் அதை அப்படியே விட்டுவிட்டார். ஆனால் அதற்குப் புள்ளி கிடையாது என்று வாய்மொழியாகச் சொல்லியாயிற்று. பெண்களிடம் சரியக்காவே அர்த்தத்தைச் சொன்னாள். ஒருநாள் முழுக்கச் சிரித்தார்கள். மறுநாள் எல்லாக் கைகளும் பழையபடி இடுப்புக்குப் போயின. "அங்க ஐயோ அம்மான்னா அவங்களுக்கு. இங்க ஆயிடுச்சுன்னா நமக்கு" என்றாள் முதல் மேஜைக்காரி. வீட்டில் சரியக்கா மகளிடமும் சொன்னாள். மகள் கொஞ்சம் யோசித்து, கணக்குப் பாடத்துக்கு மட்டும் அந்த நாட்டு அர்த்தத்தை வைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் தைலம் நிரந்தர ஊழியர்களுக்கான அடையாள அட்டையோடு மூன்றாவது மேஜைக்கு வந்தாள். தைல வாசனை முன்னால் வந்தது. முதல் தட்டு ஓடியது. பாட்டில் சரி, மூடி சரி, லேபிள் சரி, தேதி சரி. இருபது முடிந்து தட்டைத் தள்ளினாள்.

அப்புறம் மெதுவாக, பூட்டைத் திறந்து பார்க்கிறவள் மாதிரி, இடது கையைக் கொண்டுபோய் இடுப்பில் வைத்தாள். யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. கட்டை விரலால் முதுகெலும்பின் பக்கத்தில் நன்றாக அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிப் பின்பக்கம் சாய்ந்தாள்.

"ஆய்தா" என்றாள்.

அது வேலை முடிந்த ஆய்தாவா, வலிக்கிற ஆய்தாவா, தன்னைக் கிண்டல் செய்கிற ஆய்தாவா என்று சரியக்காவுக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவில்லை. மூலையில் கிடந்த உயரமான ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்றாவது மேஜைக்குப் பின்னால் போட்டாள்.

"இது எந்த நாட்டு முறைக்கா?" என்றாள் தைலம், கண்ணைத் திறக்காமலே.

"உக்காருங்க" என்றாள் சரியக்கா. "அடுத்த தட்டு வருது."